அடைக்கலம் சித்தப்பாவுக்குத் தீட்டு உண்டா?

செய்தி வந்தபோது நான் கிடாய்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். இரங்கல் கட்டுரையை இப்படித் தொடங்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். என்ன செய்வது, நடந்தது அதுதான். நாச்சியாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான குலதெய்வக் கோயில். மறுநாள் காலை காப்புக் கட்டு, வெள்ளிக்கிழமை சாமி கும்பிடு. பந்தக்கால் நட்டாகிவிட்டது. வெளியூர்ப் பங்காளிகள் லீவு சொல்லிவிட்டு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வகையறாக் கிடாய் எது என்று நான் காதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது. அமெரிக்காவிலிருந்து நீலா, அடைக்கலம் சித்தப்பாவின் மகள்.

“பழனி அண்ணா, அப்பா போயிட்டாங்க. தூக்கத்துலயே,” என்றாள். நான் கிடாயின் காதை விட்டேன். அது கத்தியது.

சித்தப்பாவைப் போல அமெரிக்கத் தூதராக இருந்த ஒருவர் இறந்துபோனால் அவர்கள் நாட்டில் என்ன செய்வார்களோ, கொடியை இறக்குவார்களோ, அறிக்கை விடுவார்களோ, எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் நான் செய்தியைச் சொன்னதும் எல்லோரும் ஒரு நிமிடம் தலை குனிந்தார்கள். நிமிர்ந்ததும் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் ராசு முதல் கேள்வியைக் கேட்டார்: “அவுகளுக்கு நமக்குத் தீட்டு உண்டா?”

கேள்வி சின்னதுதான். அதன் கனம் தெரிய வேண்டுமென்றால் எங்கள் வழக்கம் தெரியவேண்டும். காப்புக் கட்டிவிட்டால் அதற்குப் பிறகு எந்தப் பங்காளி இறந்தாலும் சாமி கும்பிடு நிற்காது. கட்டுவதற்கு முன்னால் இறந்தால் பங்காளிகள் அத்தனை பேருக்கும் தீட்டு. கும்பிடு அந்த வருடத்துக்கு இல்லை. ஆனால் இறந்தவர் பங்காளியாக இருக்கவேண்டும். அடைக்கலம் சித்தப்பா பங்காளிதானா என்பதுதான் அவர் வாழ்வின் கடைசி வருடங்களில் தீராமல் கிடந்த வழக்கு.

“போன் நாளைக்கு வந்துச்சுன்னு வச்சுக்கிட்டா என்னண்ணே?” என்று ராசு குரலைத் தாழ்த்தினார். “காப்புக் கட்டுன பெறகு. பழனி போனை எடுக்கலைன்னு வைங்க. அவன் எப்பத்தான் எடுத்திருக்கான்?”

இதை அவர் கேட்டது சாத்தையா பெரியப்பாவிடம். எங்கள் பங்காளிகளில் மூத்த வகையறா அவருடையது. கோயில் விஷயத்தில் கடைசிச் சொல் அவர் சொல்தான். சித்தப்பாவுக்குப் பங்காளி என்ற இடத்தை மறுத்துவந்ததும் அவர்தான். பெரியப்பா ராசுவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை உதறினார். “காலையில சொல்றேன்,” என்று சொல்லிவிட்டு வயல் பக்கமாக நடந்துவிட்டார்.

காலை வரைக்கும் நேரம் இருக்கிறது. அதற்குள் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் காரைக்குடி வாசகர் வட்டத்தில் ஞாயிறுதோறும் பின்வரிசையில் உட்கார்ந்து, பேச்சாளர்களைப் பார்த்துப் புன்னகை செய்தே கலவரப்படுத்திய அந்த ஒல்லி மனிதரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நீங்கள் அவரிடம் அமெரிக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் உங்களிடம் பருத்திப்பால் எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டார். அதனால் பாதிக் கதை உங்களுக்கு வந்து சேர்ந்திருக்காது.

காரைக்குடியில் கல்லூரி முடித்து, மேல்படிப்புக்கு அமெரிக்கா போனவர். எந்திரங்களைப் பற்றிப் படிக்கப் போனார். எந்திரங்களைவிட மனிதர்கள்தான் அதிகம் பழுதாகிறார்கள் என்று கண்டுபிடித்துச் சட்டத்துக்குத் தாவினார். ஒரு நடுத்தர ஊரில், சலவைக்கடை மாடியில் அலுவலகம் போட்டார். பிழைக்க வந்து காகிதம் சரியில்லாமல் தவித்தவர்கள்தான் அவர் கட்சிக்காரர்கள். “பாதிப் பேரு பேசுற பாஷை எனக்குப் புரியாது. நான் பேசுற இங்கிலீசு அவுகளுக்குப் புரியாது. ஆனா நீதிபதிக்கு ரெண்டு பேரு மேலயும் பரிதாபம் வந்துரும்,” என்பார்.

அந்த ஊர் நகரசபைக்கு நின்ற ஒருவருக்காக நோட்டீஸ் கொடுக்கப் போனவர், திரும்பி வரவில்லை. அந்த மனிதர் மாநிலம் அளவுக்கு வளர்ந்தார். சித்தப்பா அவருடைய காதுக்குப் பக்கத்தில் வளர்ந்தார். மேடையில் ஒருநாளும் ஏறியதில்லை. மேடைக்குப் பின்னால் ஒரு படி இருக்குமே, அதில் உட்கார்ந்து யாரோடு யாருக்குச் சண்டை, எந்தச் சண்டையை ஆறவிடலாம், எதை இன்றே தீர்க்கவேண்டும் என்று பார்ப்பது அவர் வேலை. தேர்தலில் உழைத்தவர்களுக்கு அங்கே தூதர் பதவி கொடுப்பார்களாம். நம் ஊரில் வாரியத் தலைவர் பதவி கொடுப்பதில்லையா, அதுபோல. ஊருக்கு உழைத்தவருக்கு வாரியம், நாட்டுக்கு உழைத்தவருக்கு நாடு. சித்தப்பாவுக்குக் கிடைத்தது பசிபிக் கடலில் ஒரு தீவு. நம் சிவகங்கை மாவட்டத்துக்குள் அதை வைத்து மூடிவிடலாம்.

“போறதுக்கு முன்னாடி செனட் சபையில கூப்பிட்டு விசாரிப்பாகளாமே, என்ன கேட்டாக?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அந்த நாட்டை மேப்புல காட்டச் சொல்லிருவாகளோன்னு பயந்துக்கிட்டே உக்காந்திருந்தேன். கேக்க வந்தவுகளுக்கும் அதே பயம் போல. ரெண்டு தரப்பும் அந்தப் பக்கமே போகலை.”

பதவியெல்லாம் முடிந்து, அவர் மனைவி ரூத் சின்னம்மாவும் காலமான பிறகு, வருடத்தில் பாதியைக் காரைக்குடியில் கழிப்பது என்று முடிவு செய்து வந்தார். அமெரிக்க அம்பாசடர் வருகிறார் என்று நான் அச்சகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய பெருமை எப்போது கிடைக்கப்போகிறது? “அம்பாசடரா? அந்த வண்டியத்தான் நிறுத்திட்டாகளே,” என்றார் என் கம்பாசிட்டர். நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்ட காவலர்களை எதிர்பார்த்துப் பேருந்து நிலையத்தில் நின்றேன். மதுரை பஸ்ஸின் பின்வாசல் வழியாக ஒரு துணிப்பையோடு இறங்கினார். இறங்கியவர் கண்டக்டரிடம், “செக்காலைக்கு இங்குட்டுப் போகணுமா, அங்குட்டா?” என்று கேட்டார். அவருடைய தமிழுக்கு வயதாகவே இல்லை. நாங்கள் எல்லோரும் டிவி பார்த்துப் பேச்சை மாற்றிக்கொண்ட காலத்தில் அவர் அதை ஊறுகாய்போல மூடி வைத்திருந்திருக்கிறார்.

நம் வட்டத்துச் செயலாளர் தேர்தலில் நான் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். மறந்திருந்தால் நல்லது. அரசியல் தெரிந்த சித்தப்பா ஒருவர் வீட்டில் இருக்கும்போது எனக்கென்ன என்று நின்றுவிட்டேன். அவரும் உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனார், காப்பி குடித்தார், என்னைப் பற்றிப் பேசினார். எண்ணிப் பார்த்தால் மூன்றே ஓட்டு: என்னுடையது, அவருடையது, மூன்றாவது யாரோ ஒருவர் தவறிப்போய்ப் போட்டது. நான் அவரிடம் சண்டைக்குப் போனேன்.

“என்ன சித்தப்பா, ஒருத்தரக்கூடத் திருப்ப முடியலையா?”

“திருப்பினேனேடா. நீ ஜெயிக்கிற மாதிரிதான் இருந்துச்சு. செயலாளரான பெறகு நீ எழுதுவியா? வரவு செலவுதான் படிப்ப. அதான் எல்லாரையும் பாத்துச் சொல்லிட்டு வந்தேன், பயல விட்ருங்கன்னு.”

இது உண்மையா, என் தோல்வியைத் துடைக்கச் சொன்ன பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். யாராவது ஒருவர் சொல்லலாம்; கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தீவில் அவர் சாதித்தது என்ன என்று கேட்டால் ஒரே ஒரு கதைதான் சொல்வார். அங்கே இரண்டு தலைவர்கள். ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்தால் மற்றவருக்கு அவமானம். இவர் கொடுத்த முதல் விருந்தில் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்களாம். சூப்பு ஆறுகிறது, தூதரகத்து ராணுவ அதிகாரிக்கு வியர்க்கிறது. சித்தப்பா மேசை நாற்காலி எல்லாவற்றையும் வெளியே தூக்கச் சொல்லிவிட்டு, நடு ஹாலில் வட்டமாகப் பாய் போட்டுவிட்டார். வட்டத்துக்குத் தலைமாடு ஏது, கால்மாடு ஏது? “அமெரிக்கத் தூதர் வீட்டுல பந்திப்பாய் விரிச்ச ஆளு நான்தான்டா,” என்று சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் கர்வம் தெரியும். “சண்டை பாதி விஷயத்துல இருக்காது பழனி. உக்கார்ற இடத்துல இருக்கும்.”

இவ்வளவு தெரிந்த மனிதருக்குச் சொந்தக் கோயிலில் நிற்க இடமில்லை.

எங்கள் கும்பிடில் கிடாய் வெட்டி முடிந்ததும் கறியை வாழையிலைகளில் கூறு போடுவார்கள். ஒரு தலைக்கட்டுக்கு ஒரு கூறு. கல்யாணமான கையோடு மனைவியைக் கோயிலுக்கு அழைத்து வந்து, பொங்கல் வைத்து, பங்காளிகள் முன்னால் விழுந்து எழுந்தால் ஒருவன் தலைக்கட்டாவான். கலெக்டரானாலும் கொத்தனாரானாலும் ஒரே அளவுக் கூறு; ஈரலில்கூட எல்லோருக்கும் ஒரு துண்டு. சித்தப்பா ரூத் சின்னம்மாவை அங்கேயே பதிவு செய்து கல்யாணம் பண்ணிக்கொண்டவர். விழுந்து எழவில்லை. அதைக்கூட மன்னித்திருப்பார்கள். அவருடைய அப்பா இறந்தபோது வரவில்லை. அவருக்குப் பதிலாக மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தவர் அண்ணன் முறையான சாத்தையா பெரியப்பா.

அவர் திரும்பி வந்த முதல் வருடக் கும்பிடுக்கு நான்தான் அழைத்துப் போனேன். வகையறா வகையறாவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆண்கள் போய்த் தங்கள் கூறை எடுத்துக்கொண்டார்கள். சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேப்ப மரத்தடியில் நின்றார். கடைசி இலையும் போன பிறகும் நின்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. என் கூறில் பாதியைத் தூக்கு வாளியில் போட்டு அவரிடம் நீட்டினேன்.

“வச்சுக்கடா. எனக்குக் கறி ஆகாது. ஆட்டுக்கறியத் தொட்டா டாக்டர் என்னையத் தொடமாட்டாரு.”

“அப்ப எதுக்கு இந்த வெயில்ல நின்னீக?”

“திங்கவா நிக்கிறேன்? பேரைச் சொல்லிக் கூப்புடுவாகளான்னு நிக்கிறேன்.”

திரும்பி வரும் வழியில் அவராகவே சொன்னார். “தேர்தலுக்கு ரெண்டு நாள் இருந்துச்சு. கொள்ளிக்குத்தான் வந்து சேர முடியாது, கருமாதிக்கு வந்திருக்கலாம். ஜெயிச்ச ஜோர்ல அதுவும் போச்சு. அன்னைக்கு ஜெயிச்சது யாருன்னு இன்னைக்கு அந்த ஊர்லயே பாதிப் பேருக்குத் தெரியாதுடா.” என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து சொன்னதால் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்திருக்கலாம், என் வண்டியில் கண்ணாடி இருந்ததில்லை.

அடுத்த வருடம் அவர் அரசியல்வாதியாகக் களத்தில் இறங்கினார். கும்பிடுக்குச் சில மாதங்களுக்கு முன்பே பங்காளிகள் கூடும் கூட்டத்தில் தனக்குத் தலைக்கட்டு கேட்பது என்று திட்டம். “கூட்டத்துக்கு முன்னாடியே கூட்டம் முடிஞ்சிருக்கணும் பழனி. அங்க போயி பேசுறவன் தோத்தவன்,” என்றார். நேராக ராசு வீட்டுக்கு வண்டியை விடச் சொன்னார். எங்கள் பக்கத்தில் காதுகுத்தோ கல்யாணமோ, எதுவாக இருந்தாலும் முதல் வார்த்தையை மூத்த வகையறா வீட்டில் சொல்லவேண்டும். பகையாளியாக இருந்தாலும் அங்கே சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீடு.

“சித்தப்பா, மொதல்ல பெரிய வீட்டுல...” என்று இழுத்தேன்.

“சாத்தையா அண்ணன் எப்படியும் எதிர் ஓட்டு. அங்க போயி நேரத்தக் கெடுக்கக் கூடாது. இழுபறியா இருக்கவுகளத்தான் முதல்ல பாக்கணும். நீ தேர்தல்ல எத்தனை ஓட்டு வாங்குன?”

வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டினேன். ராசு சரி என்றார். ராசு சரி என்றதால் மற்றவர்களும் சரி என்றார்கள். எல்லா வீட்டிலும் காப்பி. சித்தப்பா ஜெயித்துவிட்ட முகத்தோடு கூட்டத்துக்கு வந்தார். ராசு எழுந்து விஷயத்தைச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். சாத்தையா பெரியப்பா வெற்றிலையை நிதானமாக மென்று முடித்தார்.

“எல்லாரும் சரின்னுட்டீகளா? ரொம்ப நல்லது. எனக்கு யாரு சொன்னா?”

நின்றுகொண்டிருந்த ராசு உட்கார்ந்துவிட்டார், பெரியப்பா தொடர்ந்தார்.

“தூதரு அவுக எல்லார் வீட்டுலயும் காப்பி குடிச்சிருக்காக. எங்க வீட்டு வாசல் மட்டும் அவுக கண்ணுக்குத் தெரியலை போல. தெரியாதுதான். தெரிஞ்சிருந்தா அவுக அப்பாரு செத்தன்னைக்கே வந்திருப்பாகள்ல?”

எங்கள் பக்கத்தில் ஒருவரைத் தள்ளிவைக்கத் திட்ட வேண்டியதில்லை. இப்படி மரியாதையாகப் பேசினால் போதும். சரி சொன்னவர்கள் அத்தனை பேரும் வேப்ப மரத்தில் எதையோ தேடத் தொடங்கினார்கள். தீவில் பாய் விரித்துச் சண்டையைத் தீர்த்தவர், சொந்த ஊரில் எந்த வாசலில் முதலில் செருப்பைக் கழற்றுவது என்பதைத் தவறவிட்டுவிட்டார். ஸ்கூட்டரில் ஏறும்போது, “நாப்பது வருசம் பாத்த வேலை. பழக்கம் எங்க விடுது?” என்று மட்டும் சொன்னார். அன்று அவரைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. கேலி செய்து பிழைப்பவனுக்குச் சங்கடம் வந்தால் வேறு ஒன்றும் செய்யத் தெரியாது. கோயிலூர் வழியாகச் சுற்றிக்கொண்டு மெதுவாக ஓட்டினேன்.

ஒரு வாரம் கழித்து, சாத்தையா பெரியப்பா வீட்டுக்கு வண்டியை விடச் சொன்னார் சித்தப்பா. இனி என்ன தந்திரமோ என்று ஆவலாகத்தான் போனேன். வம்பு பார்ப்பதில் எனக்குள்ள அக்கறை உங்களுக்குத் தெரியாததல்ல. பெரியப்பா வாசல் கட்டிலில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக உள்ளே ஓடும் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதுக்கு வந்தீக?” என்றார், திரும்பாமலே.

“சும்மாதாண்ணே.”

“கூறு கேக்கவா?”

“இல்லண்ணே. உக்காரலாமான்னு கேக்க.”

பெரியப்பா ஒரு முக்காலியைக் காலால் தள்ளிவிட்டார். சித்தப்பா உட்கார்ந்தார். செய்தி முடியும்வரை பார்த்துவிட்டு எழுந்தார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். அச்சகத்தில் என் வேலை கெட்டதுதான் மிச்சம் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் டிவியில் அமெரிக்காவைக் காட்டினார்கள்.

“அந்தச் செவத்த டை கட்டுன ஆளு என்ன சொல்றான்?” என்றார் பெரியப்பா, காற்றைப் பார்த்து.

“ஜெயிச்சா வரியக் கொறைப்பேன்குறாருண்ணே.”

“கொறைப்பானா?”

“மாட்டாரு.”

“அப்ப ஏன் கைதட்டுறாய்ங்க?”

“அவுகளுக்கும் தெரியும்ணே. தெரிஞ்சுதான் தட்டுறாக.”

பெரியப்பா முதல்முறையாகச் சிரித்தார். “அதுக்கா ஏரோப்பிளேன் ஏறிப் போன? அத இங்கனயே பாத்திருக்கலாமேடா.” அந்த ‘டா’வைக் கேட்டு நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு டிவி பார்ப்பவரை அன்றுதான் பார்த்தேன்.

அப்படியே மாதங்கள் போயின. கூறைப் பற்றி அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அந்த வருடக் கும்பிடிலும் சித்தப்பா வேப்ப மரத்தடியில்தான் நின்றார். பெயர் கூப்பிடவில்லை. மறுநாள் மாலை வழக்கம்போல முக்காலியில் போய் உட்கார்ந்தார்.

ஒரு மத்தியானம் கரண்டு போய்விட்டது. டிவி அணைந்ததும் இரண்டு பேருக்கும் பார்க்க ஒன்றுமில்லை. சித்தப்பா மெல்லக் கேட்டார்: “அண்ணே, அப்பா கடைசியில ஏதும் பேசுனாகளா?”

பெரியப்பா வெற்றிலைக் காம்பைக் கிள்ளினார். இன்னொன்றைக் கிள்ளினார். இரண்டாவதற்குக் காம்பே இல்லை.

“பேசுனாரு. நீ எழுதுன கடுதாசியப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டே கெடந்தாரு. ஒங்க ஊரு எலெக்சனப் பத்தி எழுதியிருந்தியே, அது. கடைசியா என்னையக் கூப்புட்டு, ‘அவன் நிறுத்துன ஆளு ஜெயிச்சுட்டானா’ன்னாரு.”

“நீங்க என்ன சொன்னீக?”

“ஜெயிச்சுட்டான்னேன். எனக்கென்ன தெரியும்? கொஞ்ச நேரத்துல கண்ண மூடிட்டாரு.”

“அப்ப இன்னும் ஓட்டே போடலையேண்ணே.”

“அது அவருக்குத் தெரியுமா?” என்று அதட்டினார் பெரியப்பா. கொஞ்சம் பொறுத்து, “ஒன்ட்ட இதச் சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தேன். ஒனக்கு எதுக்கு அந்தச் சந்தோசம்னு,” என்றார்.

சித்தப்பா அணைந்த டிவியைப் பார்த்தார். பிறகு, “ஒலகத்துலயே முதல்ல ரிசல்ட் சொன்ன ஆளு நீங்கதாண்ணே,” என்றார். இரண்டு கிழவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு எந்த இடத்தில் வேறாக மாறியது என்று எனக்குத் தெரியாது. நான் வண்டியைத் துடைக்கப் போய்விட்டேன். துடைக்கிற அளவுக்கு அது நல்ல வண்டி இல்லை.

அதன் பிறகாவது பெரியப்பா இறங்கிவந்து கூறு கொடுத்திருப்பார் என்று நீங்கள் எதிர்பார்த்தால், உங்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது. உடம்பைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று சித்தப்பா அமெரிக்கா கிளம்பியபோது, வழியனுப்ப வந்த பெரியப்பாவிடம் நானே கேட்டுவிட்டேன். “வர்ற கும்பிடுக்காச்சும் பேரைக் கூப்புடலாம்ல பெரியப்பா?” “முறைன்னு ஒண்ணு இருக்குல்ல,” என்றார். சித்தப்பா என் தோளைத் தட்டி, “விட்ரு. அவுக சொல்றது சரிதான்,” என்றார். அதுதான் நான் அவரை நேரில் பார்த்த கடைசி. ரவுண்டானா தாண்டும்வரை கையைக் காரின் ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்தார்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். பங்காளிகள் எல்லோரும் கோயிலில் கூடியிருந்தோம். பூசாரி மஞ்சள் துணியும் காப்புக் கயிறும் தட்டில் வைத்துக்கொண்டு நின்றார். ராசு குளித்து, பட்டை போட்டு, முன்வரிசையில் இருந்தார். சாத்தையா பெரியப்பா ஊருணிக்கரை வழியாக வந்தார். பக்கத்தில் வந்ததும்தான் பார்த்தோம்: ஈர வேட்டி, தலையிலிருந்து சொட்டும் தண்ணீர், நெற்றியில் விபூதி இல்லை. கேதத்துக்குத் தலைமுழுகிவிட்டு வந்திருக்கிறார். வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. இருந்தாலும் திறந்தார்.

“பந்தக்காலைப் பிடுங்குங்க. கிடாய அவுத்து அவுகவுக வீட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போங்க. இந்த வருசம் கும்பிடு இல்ல.”

ராசுவுக்குப் பொறுக்கவில்லை. “என்னண்ணே இது? எம் மகன் சிங்கப்பூர்லருந்து லீவு போட்டு வந்திருக்கான். அவுகளுக்குக் கூறே கெடையாதுன்னு நீங்கதான சொன்னீக? கூறு இல்லாதவுகளுக்குத் தீட்டு மட்டும் எங்கருந்து வந்துச்சு?”

“கூறு நம்ம குடுக்குறதுடா. குடுப்போம், குடுக்காமயும் இருப்போம். தீட்டு நம்மளக் கேட்டுக்கிட்டா வருது?” பெரியப்பா இருமினார். “எந் தம்பி செத்துப்போயிருக்கான். ஒம் மகனையும் முங்கச் சொல்லு.”

பூசாரி தட்டைக் கீழே வைத்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் ஊருணியில் இறங்கினோம். பள்ளிக்கூட வாத்தியார், டிராக்டர் வைத்திருப்பவர், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன்கள், சிங்கப்பூர்க்காரன், கடைசியாக முனகிக்கொண்டே ராசு. வெந்நீர் இல்லாமல் குளித்தறியாத நானும் இறங்கினேன். ஒரு ஊரே ஒருவருக்காகத் தலை நனைத்துக்கொண்டு நின்றது. கரையில் கிடாய்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றின் முகத்தில் கண்ட நிம்மதியை நான் கற்பனை செய்துகொண்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நீலாவுக்குப் போன் செய்து, கும்பிடை நிறுத்திவிட்டோம் என்றேன். “ஐயோ, சாரி அண்ணா. எங்களால எல்லாருக்கும் பங்ஷன் கேன்சல் ஆயிடுச்சா?” என்று பதறினாள். நான் விளக்கப் பார்த்தேன். மூன்று தடவை ஆரம்பித்தேன். பிழைப்பே வார்த்தையில் இருப்பவனுக்கு அன்று ஒன்றும் வரவில்லை. “நல்ல விசயம்தாம்மா,” என்று மட்டும் சொன்னேன். அவள் என்ன நினைத்தாளோ.

சித்தப்பாவின் கோட்டுகள் நீலாவிடம் இருக்கின்றன. அவர் படித்த சட்டம் எனக்குப் புரியாது. அவர் செய்த அரசியல் எனக்கு வராது என்பதை நீங்கள் ஓட்டுப் போட்டே நிரூபித்துவிட்டீர்கள். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போய் உட்கார்வது. எனக்கு அது சுலபமில்லை. போன இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு சிரிப்பு வராவிட்டால் செருப்பைத் தேடும் ஜாதி நான். இருந்தாலும் காரியம் முடிந்த மறுநாள் மாலை சாத்தையா பெரியப்பா வீட்டுக்குப் போனேன். முக்காலி சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்தது. அதை எடுக்கக் கை வரவில்லை. நின்றேன். பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கட்டிலில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.